ஆறு மணி வசவு

"மூடும்மா, எதையாவது போட்டு மூடித் தொலை" என்று வைரமணி கத்திக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டாவது மாடியில் தொடங்கிய தீ எச்சரிக்கை மணி பதினொன்றுக்கும் பத்துக்கும் இறங்கி, கட்டடம் முழுக்கப் பரவி, குளித்துக்கொண்டிருந்தவர்களையும் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தவர்களையும் படிக்கட்டு வழியாக டோக்கியோவின் தெருவுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. அறையின் கூரையில் இருந்த புகைக் கருவிக்கு, குளியலறையில் கொடுத்திருந்த பிளாஸ்டிக் தொப்பியை மாட்டிவிட்டவர்கள் நாங்கள்தான். முந்தைய டூர்களில் துபாயிலும் பாங்காக்கிலும் அது வேலை செய்திருந்தது. இங்கே வற்றல் மிளகாய் தாளித்த நெடி தாங்காமல் நழுவி விழுந்துவிட்டது. ஹோட்டல் மேலாளர் வெள்ளைக் கையுறையோடு வந்து, தெருவில் நின்ற ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக இடுப்பு வளைய மன்னிப்புக் கேட்டுவிட்டு, எங்கள் இண்டக்ஷன் அடுப்பைக் குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு போனார்.

மாலை ஆறு மணி. நல்ல குளிர். காலையிலிருந்து கோயிலும் கோபுரமும் கண்ணாடிக் கட்டடமும் பார்த்து நடந்த இருபத்தாறு பேருக்கும் பசி. மேலாளர்மேல் காட்ட முடியாத கோபத்தை எங்கள் டூர் மேனேஜர் வைரமணி, சமையலுக்கென்று ஊரிலிருந்து கூட்டி வந்திருந்த சீனியம்மாள்மேல் காட்டினார். அவள் களைந்த அரிசியும் தண்ணீருமாக இருந்த அலுமினியக் குண்டானை இடுப்பில் அணைத்தபடி பன்னிரண்டு மாடியும் இறங்கி வந்திருந்தாள்.

"ஒனக்குத் தாளிக்கத் தெரியுமா தெரியாதா? கல்யாண வீட்டுப் பந்தலுக்குப் பின்னால நின்னு தாளிக்கிற மாதிரின்னு நெனச்சியா? பாஸ்போர்ட்டு எடுத்து, விசா எடுத்து, பிளேன்ல சன்னல் சீட்டு குடுத்துக் கூட்டிட்டு வந்தா, மொத நாளே மானத்த வாங்கிட்டியே. ஒன்னையெல்லாம் நாட்டை விட்டு வெளிய கொண்டாந்தது என் தப்பு."

அவள் குண்டானை இறக்கவில்லை. வைரமணி மூச்சு வாங்க நிறுத்தியபோது தண்ணீரின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் எழுந்தன. அவர் மறுபடி தொடங்கியபோது நடுவிலும் எழுந்தன. அவர் அவளுடைய புருஷன் ஓடிப்போனதுவரை சொல்லி முடித்தபோது அரிசி தளதளவென்று கொதித்து, கஞ்சி பொங்கி, அவள் சேலைக் கொசுவத்தில் வழிந்துகொண்டிருந்தது. எங்களோடு நின்ற தனுஷ்கோடி அண்ணாச்சி கிட்டே வந்து, ஒரு பருக்கையை எடுத்து இரண்டு விரல்களுக்கு நடுவில் நசுக்கிப் பார்த்தார்.

"வெந்துருச்சு" என்றார்.

மேலே போனோம். பக்கத்துக் கடையில் தயிர் வாங்கினோம். ஊறுகாய் எங்களிடம் இருந்தது. நாங்கள் சாப்பிட்டோம்.

சிவகாசியில் தீபாவளி முடிந்தால் ஊர் ஓய்ந்துவிடும். விற்றது விற்று, விற்காதது கிட்டங்கியில் அடைந்து, பட்டாசு செய்யும் செட்டுகளுக்குப் பூட்டுப் போட்ட பிறகு முதலாளிமார்கள் குடும்பத்தோடு எங்காவது போவது வழக்கம். அந்த வருஷம் 'ஜப்பான்: பழமையும் புதுமையும்' என்று பத்து நாள் டூர். நாங்கள் பட்டாசு முதலாளிகள், தீப்பெட்டிக்காரர்கள், அச்சகம் வைத்திருப்பவர்கள். காலண்டர் சீசனைத் தம்பி தலையில் கட்டிவிட்டு வந்திருந்த அழகுராஜாவும் எங்களோடு இருந்தார். துண்டுப் பிரசுரத்தில் 'நம்ம ஊர்ச் சாப்பாடு மூன்று வேளையும்' என்று மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அந்தச் சாப்பாட்டுக்காக வந்தவள் சீனியம்மாள். வருவதற்கு அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள் என்று வைரமணி விமானத்தில் சிரித்துக்கொண்டே எங்களிடம் சொல்லியிருந்தார். டோக்கியோ வேண்டாம், கோயில் வேண்டாம், மான் வேண்டாம், ஹிரோஷிமாவில் கல்பெட்டி இருக்கும் இடத்தை மட்டும் காட்டிவிட வேண்டும். அணுகுண்டில் செத்தவர்கள் பெயரையெல்லாம் எழுதி அங்கே ஒரு கல்பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு ஆகஸ்டு மாதக் காலண்டர் படத்துக்குக் கீழே போட்டிருந்ததாம். அந்தக் காலண்டரை அடித்தவர் அழகுராஜா. "நான் போட்ட படத்தப் பாத்து ஒருத்தி ஜப்பானுக்கே வர்றா பாத்தியளா" என்று அவருக்கு அதில் பெருமை. எதற்காக அந்தப் பெட்டி என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஹோட்டல்காரர்கள், ஜப்பானிய வழிகாட்டியான மொரிதாவை அழைத்து விசாரித்தார்கள். மொரிதா ஐம்பது வயதுப் பெண்மணி, சிறிய மஞ்சள் கொடி ஒன்றை எப்போதும் கையில் வைத்திருப்பார். அவர் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். மேலாளர் விதிப் புத்தகத்தைக் கொண்டுவந்து, இரண்டு பக்கம் படித்து, தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, கடைசியில் அறைகளில் சமையல் சாதனங்களுக்குத்தான் தடை, மனிதர் சாதனம் ஆகமாட்டார், ஆகவே தடை இல்லை என்று சொல்லிக் குனிந்து நிமிர்ந்தார். அவ்வளவுதான். புகை இல்லை, கரண்டு இல்லை, அடுப்பைத் தூக்கித் திரிகிற பாரம் இல்லை. "இண்டக்ஷன் மாதிரியேதான், ஒயர் மட்டும் இல்ல" என்றார் அழகுராஜா. ஊருக்கு வீடியோ அனுப்பினோம். ஊரிலிருந்து, சாம்பாரும் கொதிக்குதா என்று கேட்டுப் பதில் வந்தது. கொதித்தது.

ஒரு சிக்கல்தான் இருந்தது. அன்று மாலை அவள் கையில் குண்டானைக் கொடுத்துவிட்டுச் சுற்றி நின்றபோது தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. சீனியம்மாள் எங்களைப் பார்த்தாள், நாங்கள் அவளைப் பார்த்தோம். வைரமணிக்குத்தான் முதலில் புரிந்தது. "வெங்காயத்த இப்படியா நறுக்குவாங்க, எருமைக்கு வைக்கிற மாதிரி" என்றார். ஓரத்தில் ஒரு குமிழி வந்தது. நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

அதன்பிறகு அழகுராஜா குடும்பவாரியாக முறை வைத்தார். வைரமணி தினமும் அச்சிட்டுக் கொடுக்கிற நிகழ்ச்சி நிரலில், ஐந்தரை மணிக்கு ஹோட்டல் திரும்புதல் என்பதற்கும் ஆறே முக்காலுக்கு இரவு உணவு என்பதற்கும் நடுவில், ஆறு மணிக்கு ஒரு குடும்பத்தின் பெயர் இருக்கும். அந்தக் குடும்பம் அன்றைக்குத் திட்ட வேண்டும். முதலில் எங்களில் சிலருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. வெள்ளைத்தாய் டீச்சர் என்று ஒருவர், ரிட்டயர் ஆனவர், "நீ நல்லாத்தான் சமைக்கிற சீனியம்மா, இருந்தாலும் சொல்றேன்னு வருத்தப்படாத" என்று தொடங்கி, சோறு அரைவேக்காடாகப் போய், மற்றவர்களிடம் பேச்சு வாங்கினார். மறுமுறை அவர் கூச்சப்படவில்லை. ஹகோனேயில், பனி மூடிய மலையைப் பார்த்துக்கொண்டு வெந்நீர் ஊற்றில் ஊறிவிட்டு வந்த தெம்பில், அவளுடைய நிறத்தைப் பற்றியும் நடையைப் பற்றியும் அவர் பேசிய பேச்சில் இருபது நிமிடத்தில் சோறும் ரசமும் ஆகிவிட்டன. நாங்கள் சாப்பிட்டோம். ஈரமான சாக்ஸுகளை அவள் தோளில் காயப் போட்டோம். முழங்கால் வலிக்காரர்கள் அவள் கையை எடுத்து முட்டியில் வைத்துக்கொண்டார்கள். பகல் முழுக்க நாங்கள் ஏரியிலும் ரோப் காரிலும் இருக்கும்போது அவள் அறையில் உட்கார்ந்து காய் நறுக்கினாள். ஜப்பானில் அவள் அதுவரை பார்த்தது நான்கு கட்டில்களும் மூன்று சன்னல்களும்.

கியோத்தோவில் மொரிதா ஒரு தப்புச் செய்தார். நாங்கள் கிமோனோ உடுத்திப் படம் எடுத்துக்கொள்ளும் இடத்தில் இரண்டு மணி நேரம் ஆகும் என்று தெரிந்ததும், ஹோட்டலுக்குப் போய், சீனியம்மாளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு, சரளையை வாரி விட்டிருக்கிற ஒரு கோயில் தோட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது. வெள்ளைக் கல்லில் சீப்புப் போட்டது மாதிரிக் கோடுகள், நடுவில் சில பாறைகள், அவ்வளவுதான் அங்கே. அவள் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாளாம். கடைசியில் மொரிதாவின் கன்னத்தைத் தொட்டாளாம், அவள் கை குளிர்ந்திருந்ததாம்.

அன்று மாலை அரிசி கூழாங்கல் மாதிரி அடியில் கிடந்தது. முறைக்காரர்கள் திட்டினார்கள். முறை இல்லாதவர்களும் திட்டினார்கள். வைரமணி, அவளைத் திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொன்னார். சீனியம்மாள் சிரித்தேவிட்டாள்.

"நானும் என் தங்கச்சியும் பதினாலு வயசுலருந்து வெடிக் கட்டுக்கு நூல் சுத்துனவங்க சார். போர்மேன் வாயில கேக்காததையா நீங்க சொல்லிரப் போறீங்க? வேற எதாச்சும் புதுசா இருந்தாச் சொல்லுங்க."

"எந்தக் கம்பெனியில?" என்று கேட்டார் தனுஷ்கோடி அண்ணாச்சி. அதுவரை அவர் நாற்காலியில் சாய்ந்து கால் நீட்டியிருந்தார். இந்தக் கூட்டத்திலேயே பெரிய கை அவர்தான். நான்கு பட்டாசு லைசென்ஸ், முந்நூறு பேர் வேலை.

அவள் இடத்தைச் சொன்னாள்.

"அது நம்ம செட்டுல்லா" என்றார். "ஒந் தங்கச்சி பேரென்ன?"

"பொன்னுத்தாயி."

சிரிப்பு அவள் முகத்திலிருந்து இறங்கிவிட்டது. அண்ணாச்சி தலையை ஆட்டினார். பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவருடைய வெடிமருந்துக் கலவை அறை ஒன்று வெடித்துப் பதினோரு பேர் செத்தார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம். விசாரணை நடந்தது, அறிக்கை வந்தது, ஒரே ஒரு வரியில் முடிந்தது. அந்த வரியை அவர் மறக்கவில்லை. வானிலை சொல்லும் குரலில், யாரையும் புண்படுத்தும் எண்ணம் கொஞ்சமும் இல்லாமல் அதை இப்போது சொன்னார்.

"ஒந் தங்கச்சி பெட்டிய இழுத்தா. மருந்துப் பெட்டியத் தூக்கித்தான் வைக்கணும், தரையில இழுக்கப்படாதுன்னு எழுதியே போட்டிருக்கு. இழுத்தா, உரசிச்சு, வெடிச்சிச்சு. அஜாக்கிரதைதான் காரணம்."

குண்டானில் குமிழி வரவில்லை. நேராகக் கொதி வந்தது. சோறு கொதித்து, அவள் பக்கத்தில் வைத்திருந்த பருப்பு கொதித்து, மேசையில் இருந்த ஜப்பானியத் தேநீர்க் கோப்பைகள் கொதித்து, சன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து வெளியே விளக்கொளியில் நின்ற மேப்பிள் மரங்கள் மறைந்துபோயின. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். "அவ இழுக்கல" என்று சொன்னது மாதிரி இருந்தது. கொதிக்கிற சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. ஏழு நிமிடத்தில் சாப்பாடு தயார். டூர் தொடங்கியதிலிருந்து அன்றைக்குத்தான் சோறு பொலபொலவென்று வந்திருந்தது என்று எல்லோரும் சொன்னோம். நாங்கள் சாப்பிட்டோம்.

அன்றிலிருந்து வசவுக்கு யோசிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. ஆறு மணிக்கு யார் முறையோ அவர்கள் எழுந்து, "ஒந் தங்கச்சி பெட்டிய இழுத்தா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். நாராவில், மான்களுக்குப் பிஸ்கட் கொடுத்துவிட்டு வந்த கையோடு வெள்ளைத்தாய் டீச்சர் சொன்னார். அழகுராஜா சொன்னார், அவருடைய மருமகள் சொன்னாள். கணவருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு அடி பின்னால் நடக்கிற செல்லக்கனி, அண்ணாச்சியின் மனைவி, தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முறை பார்க்காமல் இருபத்தாறு பேரும், சிலர் இரண்டு தடவை, சொல்லி முடித்தோம். பொன்னுத்தாயை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. சீனியம்மாளுக்கு இப்போது சூடு காலையிலும் தணிவதில்லை. தண்ணீரைக் கையில் வாங்கினால் வாய்க்குப் போவதற்குள் ஆவியாகிவிட்டது. மொரிதா ஹோட்டல் தாழ்வாரத்து இயந்திரத்திலிருந்து ஐஸ்கட்டிகளைப் பிடித்துக்கொண்டுவந்து அவள் வாயில் போட்டார். அவள் படுத்த மெத்தையில் அவளுடைய உருவம் பழுப்பாகப் பதிந்திருந்தது. அதற்கு ஹோட்டல்காரர்கள் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

எட்டாம் நாள் ஓசாகாவிலிருந்து ஹிரோஷிமாவுக்குப் போய்த் திரும்ப வேண்டும். காலையில் ஹோட்டல் கூடத்தில் நாங்கள் கூடியபோது அவளும் சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"நீ எங்க?" என்றார் வைரமணி.

"ஹிரோஷிமாவுக்கு."

"நீ இங்கயே இரு. முருங்கைக்காய் கெடச்சிருக்கு, நறுக்கி வை. சாயங்காலம் வந்துருவோம்."

"அத ஒண்ணக் காட்டுறேன்னு சொல்லித்தான சார் கூட்டியாந்தீங்க? வேற எங்கயாச்சும் கூப்புடுங்கன்னு கேட்டேனா?"

அழகுராஜா நடுவில் வந்தார். "விளங்காமப் பேசாத சீனியம்மா. அங்க போனவங்களுக்கெல்லாம் மனசு லேசாயிருதாம், எல்லாரும் எழுதுறான். அன்னைக்குக் கல்லுத் தோட்டத்துக்குப் போயிட்டு வந்து என்னாச்சு? இன்னும் ரெண்டு நாளு இருக்கு. அண்ணாச்சிக்குச் சுகர். நேரத்துக்குச் சோறு இல்லன்னா யாரு பதில் சொல்றது?"

"மனசு லேசாகுறதுக்கா நான் போறேன்?" என்றாள்.

நடந்தாள். வைரமணி அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார், உடனே விட்டுவிட்டு விரல்களை வாயில் வைத்துக்கொண்டார். வேறு யாரும் பிடிக்கவில்லை. தானியங்கிக் கதவு எங்களுக்குத் திறக்கிற மாதிரியே அவளுக்கும் திறந்தது. ரயில் நிலையத்தில், அவளுக்கு டிக்கெட் இல்லையே என்று வைரமணி கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார். மொரிதா கையில் இருபத்தேழு டிக்கெட் இருந்தது; பாஸ்போர்ட் இருபத்தேழு, ஆகவே டிக்கெட்டும் இருபத்தேழு என்று அவர் விளக்கினார். போகட்டும், குண்டானையும் அரிசியையும் எடுத்துக்கொள்வோம், திரும்பும்போது ரயிலிலேயே ஆக்கிவிடலாம் என்று அழகுராஜா சொன்னது எங்களுக்குச் சரியாகப் பட்டது. அவள் உட்கார்ந்த இருக்கையின் தலைத்துணி வழியில் ஒகயாமா நிலையம் வருவதற்குள் கருகிவிட்டது. மொரிதா அவள்மேல் ஈரத்துண்டை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வந்தார்.

அந்தப் பூங்காவில் கல்லால் ஒரு வளைவு இருக்கிறது. அதற்கடியில் பெட்டி. ஒவ்வொருவராக முன்னால் போய், நின்று, தலை தாழ்த்திவிட்டு, பக்கவாட்டில் விலகிப் போகிறார்கள். ஒரே நிறத் தொப்பி போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் நூறு பேர் அப்படிப் போனார்கள், சத்தமே இல்லை. எங்கள் வரிசையில் முதலில் நின்றவள் சீனியம்மாள். அவள் தலையும் தாழ்த்தவில்லை, விலகவும் இல்லை.

"சார், எல்லாப் பேரும் இதுக்குள்ளதான் இருக்கான்னு அந்தம்மாட்ட கேளுங்க."

வைரமணி மொரிதாவிடம் ஆங்கிலத்தில், கழிப்பறை எங்கே இருக்கிறது என்று இவள் கேட்கிறாள் என்றார். மொரிதா கையை நீட்டிக் காட்டினார். சீனியம்மாள் அந்தக் கை போன திசையைப் பார்த்தாள். ஆண் பொம்மையும் பெண் பொம்மையும் வரைந்த பலகையைப் பார்த்தாள். வைரமணியைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

"பொம்பளையாள்ல யாருக்காச்சும் இங்கிலீஷ் தெரியுமா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டாள்.

எங்களில் நாலைந்து பேருக்குத் தெரியும். செல்லக்கனி மதுரையில் பி.ஏ. இங்கிலீஷ் முடித்தவர், கல்யாணத்துக்குப் பிறகு மொய்க் கவரில் பெயர் எழுத மட்டும்தான் அது பயன்பட்டது என்று ஒருமுறை அவரே சொல்லியிருக்கிறார். அவர் வரிசையிலிருந்து வெளியே வந்தார்.

"செல்லா, இங்க வா. போட்டோ எடுக்கணும்" என்றார் அண்ணாச்சி.

"எடுத்துக்கிட்டே இருங்க. வர்றேன்."

அவர் கேட்டார். மொரிதா நிதானமாகச் சொல்லச் சொல்லத் தமிழில் திருப்பிச் சொன்னார். ஆமாம், எல்லாப் பெயர்களும் இதற்குள் இருக்கின்றன. மூன்று லட்சத்துக்கு மேல். அன்றைக்குத் தப்பிப் பிழைத்துப் பின்னால் இறந்தவர்களின் பெயர்களையும் வருஷா வருஷம் சேர்க்கிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை புத்தகங்களை வெளியே எடுத்து, ஈரம் ஏறாமல் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காற்றாட வைக்கிறார்கள். பெயரே தெரியாமல் போனவர்களுக்கென்றும் தனியாக ஒரு புத்தகம் உண்டு.

சீனியம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டாள். பிறகு, "இவங்கல்லாம் அஜாக்கிரதையா இருந்ததுனாலதான் செத்தாங்கன்னு எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கான்னு கேளுங்க" என்றாள்.

செல்லக்கனி அவளைப் பார்த்தார். கேட்டார். மொரிதாவுக்கு விளங்கவில்லை, மன்னிக்க வேண்டும், இன்னொருமுறை சொல்ல முடியுமா என்றார். செல்லக்கனி இரண்டாவது தடவையும் கேட்டார். மொரிதாவின் கையில் இருந்த மஞ்சள் கொடி கீழே சாய்ந்தது.

"அப்படி எங்கயும் எழுதல. அப்படி யாரு எழுதுவாங்கன்னு கேக்குறாங்க" என்றார் செல்லக்கனி.

"யாரு எழுதுவாங்கன்னு நீங்களே சொல்லிருங்க" என்றாள் சீனியம்மாள்.

செல்லக்கனி சொல்லவில்லை. மொரிதா பதிலுக்குக் காத்திருந்தார். எங்களுக்குப் பின்னால் வரிசை வளர்ந்துகொண்டே போனது. யாரும் தள்ளவில்லை, யாரும் இருமக்கூட இல்லை, அது எங்களுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. எங்களுக்கு வேறு கவலை. அழகுராஜா மெதுவாகப் பின்பக்கமாகப் போய், அவள் முதுகுக்கு ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"அப்படியேதான் இருக்கு. கூடத்தான் ஆயிருக்கு. சோறு உண்டு" என்றார். நிம்மதியாக இருந்தது. அண்ணாச்சி பெட்டிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

திரும்பும் ரயில் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் ஆறு மணி ஆயிற்று. பாட்டில் தண்ணீரில் அரிசியைக் களைந்து குண்டானில் போட்டு, சன்னலோரம் உட்கார்ந்திருந்த சீனியம்மாள் மடியில் வைரமணி வைத்தார். அன்றைக்கு அண்ணாச்சியின் முறை. அவர் மூன்று வரிசை பின்னாலிருந்து எழுந்து, தொண்டையைச் செருமி, "ஒந் தங்கச்சி பெட்டிய இழுத்தா" என்றார்.

நாங்கள் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டோம். ஒன்றும் நடக்கவில்லை. வைரமணி தண்ணீரில் விரலை வைத்துப் பார்த்தார். குழாய்த் தண்ணீர் மாதிரி இருந்தது. அண்ணாச்சி இன்னும் சத்தமாகச் சொன்னார். எங்களுக்கு முன்னால் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒருவர் தாளை மடித்து வைத்துவிட்டு நேராகப் பார்த்து உட்கார்ந்தார். வெள்ளைத்தாய் டீச்சர் சொன்னார். அழகுராஜா சொன்னார், அவர் மருமகள் சொன்னாள், வைரமணி சொன்னார், பெட்டிய இழுத்தா, பெட்டிய இழுத்தா என்று இருந்த இடத்தில் இருந்தபடியே முன்வரிசையிலிருந்து பின்வரிசைவரை நாங்கள் மாறி மாறிச் சொன்னோம், பசியில் சொன்னோம், கோபத்தில் சொன்னோம், பத்து நாளுக்கென்று பேசிக் கூட்டிவந்தவள் எட்டாம் நாள் ஏமாற்றுகிறாளே என்ற ஆத்திரத்தில் சொன்னோம்.

எல்லோரும் ஓய்ந்த பிறகு சீனியம்மாள் பேசினாள். எழுந்திருக்கவில்லை, திரும்பவில்லை. சன்னலைப் பார்த்துச் சொன்னாள். அந்த ரயிலில் சத்தமே கிடையாது என்பதால் கடைசி வரிசைக்கும் கேட்டது.

"அது நாலு பேரு இருக்க வேண்டிய ரூம்பு. மொதலாளிக்குத் தெரியும். தீபாவளிக்குப் பன்னெண்டு நாளுதான் இருக்குன்னு பதினோரு பேர உள்ள உக்கார வச்சாங்க. முட்டியும் முட்டியும் இடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நான் வாசப்படியில நின்னு சோத்துத் தூக்குவாளிய நீட்டுனேன், உள்ள கால் வைக்க எடமில்ல. பெட்டிய இழுக்கணும்னா எடம் வேணும் மொதலாளி."

முதலில் எழுந்தவர் அண்ணாச்சி. கொதிக்கிற இட்லித் தட்டில் உட்கார்ந்தது மாதிரித் துள்ளி எழுந்து, வேட்டியைப் பின்பக்கம் தட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கத்துக் காலி இருக்கையில் உட்கார்ந்தார். அதிலிருந்தும் எழுந்தார். அதற்குள் வைரமணி எழுந்துவிட்டார், டீச்சர் எழுந்துவிட்டார். ஒவ்வொரு இருக்கையாகச் சூடு ஏறிக்கொண்டே பின்னால் வந்தது. நாங்கள் அத்தனை பேரும் நடைபாதையில் இறங்கி நின்றோம். வெயில் பட்ட சீட்டாக இருக்கும் என்றார் ஒருவர். வெளியே இருட்டிவிட்டிருந்தது. ஹீட்டரைக் கூட்டி வைத்துவிட்டான், இதுதான் இவர்கள் ரயிலின் லட்சணம் என்றார் அழகுராஜா. வைரமணி மொரிதாவைக் கூப்பிட்டு இருக்கையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மொரிதா உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு அதிலேயே உட்கார்ந்து பார்த்தார். சூடு ஒன்றும் தெரியவில்லையே, ஏன் எல்லோரும் நிற்கிறீர்கள் என்று கேட்டார். அவர் எழுந்ததும் வைரமணி அதே இருக்கையில் உட்கார்ந்து, உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்.

டிக்கெட் பார்க்கிறவர் பெட்டிக்குள் வந்து தொப்பியைக் கழற்றினார். நின்ற எங்களைப் பார்த்து ஒருமுறை குனிந்தார், காலியாக இருந்த எங்கள் இருக்கைகளைப் பார்த்து ஒருமுறை குனிந்தார், போய்விட்டார். மற்றப் பயணிகள் எங்களைப் பார்க்காமல் இருக்கக் கஷ்டப்பட்டுத் தங்கள் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி தனக்கு மயக்கமாக வருகிறது என்றார். ஒரு சாக்லேட் கொடுத்தோம், நின்றபடியே தின்றார். மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில், இருக்கைகளின் மேல்விளிம்பைப் பிடிக்க முடியாமல் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, இருபத்தாறு பேரும் நின்றுகொண்டே போனோம். நாளைக்கு முதல் வேலையாக ரயில்வேக்குப் புகார் எழுத வேண்டும் என்று பேசிக்கொண்டோம். ஊருக்குப் போனதும் இவளை இனி யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் கூப்பிடக்கூடாது என்றும் பேசிக்கொண்டோம். அடுத்து எந்த ஊர், இன்னும் எத்தனை நிமிடம் என்று கதவுக்கு மேலே ஓடுகிற எழுத்துகளை அழகுராஜா சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார்.

செல்லக்கனி பின்னாலிருந்து எங்கள் எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். சீனியம்மாளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். பட்டுச் சேலை பொசுங்குகிற வாடை வந்தது, அவர் எழுந்திருக்கவில்லை. சீனியம்மாள் சன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை, நகர்ந்து இடம் கொடுக்கவும் இல்லை. செல்லக்கனி அவள் மடியில் இருந்த குண்டானை இரண்டு கைகளாலும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.